மூலம்: ரத்தம் வருகிறது, வலி ஏன் இல்லை?

காலையில் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுந்தால் வெள்ளைப் பீங்கானில் நாலைந்து சிவப்புச் சொட்டு. வலி இல்லை, எரிச்சல் இல்லை, முதல் நாள் வித்தியாசமாக எதுவும் சாப்பிடவும் இல்லை. இந்த இடத்தில் ஆட்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் ‘உடம்புச் சூடு’ என்று இளநீரைக் குடித்துவிட்டு ஆறு மாதம் மறந்துபோகிறார்கள். இன்னொரு சாரார் ‘கேன்சரோ’ என்று அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. நாற்காலியில் சரியாக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, “பைல்ஸ் வலி தாங்க முடியல டாக்டர்” என்று வருகிறவர். அவரைப் பரிசோதித்தால் பல நேரம் பைல்ஸே காரணமாக இருக்காது, வெடிப்பாக இருக்கும். ஆசனவாயில் என்ன கோளாறு வந்தாலும் நம் வீடுகளில் அதற்கு ஒரே பெயர்தான், மூலம். குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

வலி, ரத்தம், வெளியே வரும் சதை. இந்த மூன்றையும் ஒழுங்காகக் கவனித்துச் சொல்லத் தெரிந்தால் என்ன கோளாறு என்பதில் பாதி விளங்கிவிடும். அதற்கு முதலில் அந்த இடம் எப்படி அமைந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் இருப்பதுதான்

மூலம் எங்கிருந்தோ புதிதாக முளைத்து வரும் கட்டி இல்லை. நோயாக மாறுவதற்கு முன்னால் இருக்கும் அதன் நல்ல வடிவம் பிறக்கும்போதே எல்லோருக்கும் உண்டு.

மலக்குடல் முடிந்து ஆசனவாய்க்கு வரும் கடைசிப் பாதை 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளம்தான். அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் தசை வளையங்கள் இருக்கின்றன. ஆனால் வளையம் எவ்வளவு இறுகினாலும் நடுவில் சின்ன இடைவெளி மிஞ்சும். வாஷர் தேய்ந்துபோன குழாயை எவ்வளவு திருகினாலும் சொட்டுமே, அதே கதை. இங்கே வாஷர் வேலையைப் பார்ப்பவை பாதையின் உள்சுவரில் இருக்கும் மூன்று மெத்தைகள். ரத்தக் குழாய்களும், அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்களும், கொஞ்சம் தசையும் சேர்ந்த பஞ்சு போன்ற திசு. இருமும்போதும் தும்மும்போதும் அரிசி மூட்டையைத் தூக்கும்போதும் இவற்றில் ரத்தம் நிறைந்து உப்பி, காற்றும் நீரும் கசியாமல் அடைத்துக்கொள்கின்றன. சும்மா இருக்கும்போது ஆசனவாயை மூடி வைத்திருக்கும் அழுத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இந்த மெத்தைகளின் உபயம்.

ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, ஆசனவாயைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். முன்பக்கம் 12. மெத்தைகள் பெரும்பாலும் 3, 7, 11 மணி இருக்கும் இடங்களில் அமைந்திருக்கும். இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

மெத்தையைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் நார்கள் வயதாக ஆகத் தளர்கின்றன. வருடக்கணக்கில் முக்கி முக்கிப் போகிறவர்களுக்குச் சீக்கிரமே தளர்கின்றன. தளர்ந்த மெத்தை கீழே சரிகிறது, சரிந்ததில் ரத்தம் தேங்கி வீங்குகிறது, வீங்கியதன் மேல் கெட்டி மலம் உரசும்போது மெல்லிய மேல்படலம் கிழிகிறது. மூல நோய் என்பது இவ்வளவுதான். காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும் வெரிகோஸ் வெயின் மாதிரிதான் இதுவும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1975-ல் டபிள்யூ. எச். எஃப். தாம்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இந்த மெத்தைகளை விவரித்து எழுதிய பிறகுதான், சரிவதே அடிப்படைக் கோளாறு என்ற பார்வை வேரூன்றியது.

ரத்தம் ஏன் அவ்வளவு சிவப்பு என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. மெத்தைக்குள் சிறு தமனிகள் நேரடியாகச் சிரைகளோடு சேர்கின்றன. அதனால் வெளியே வருவது ஆக்ஸிஜன் நிறைந்த பளிச்சென்ற ரத்தம், கறுத்த சிரை ரத்தம் இல்லை.

ஒரு நெளிகோடு

ஆசனவாயின் விளிம்பிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் உள்ளே, சுவரைச் சுற்றி, பல் வரிசை போல நெளிநெளியாக ஒரு கோடு ஓடுகிறது. டாக்டர்கள் அதை டென்டேட் லைன் என்பார்கள். கருவில் மேல்பகுதி குடலிலிருந்தும் கீழ்ப்பகுதி வெளித்தோலிலிருந்தும் உருவாகி வந்து இந்தக் கோட்டில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே கோட்டுக்கு மேலே இருப்பது குடல், கீழே இருப்பது தோல்.

குடலுக்கு வெட்டுவதோ கிள்ளுவதோ தெரியாது. இழுத்து விரித்தால் மட்டும் ஒரு பாரம் போலத் தெரியும். தோலுக்கு எல்லாமே தெரியும். அதுவும் ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் மிக அதிக உணர்ச்சி உள்ளது.

கோட்டுக்கு மேலே இருக்கும் மெத்தை வீங்கினால் உள்மூலம். ரத்தம் கொட்டினாலும் வலிக்காது. கோட்டுக்குக் கீழே, தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் வீங்கினால் வெளிமூலம். அதில் ரத்தம் உறைந்தால் துடிதுடிக்க வைக்கும். ‘வலி இருந்தால் ஆபத்து, வலி இல்லையென்றால் பரவாயில்லை’ என்று நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கு இந்த இடத்தில் செல்லாது.

உள்மூலத்தின் அடையாளம்

ரத்தத்திலிருந்து தொடங்கலாம். அது எப்போது வருகிறது என்பதே பெரிய தடயம். உள்மூலத்தில் மலம் வெளியேறும்போதோ, முடிந்த கையோடோ வரும். மற்ற நேரம் பெரும்பாலும் வராது. சொட்டுச் சொட்டாக விழலாம், சில சமயம் பீய்ச்சியடித்துப் பீங்கானின் ஓரம் வரை தெறிக்கலாம். மலத்தின் மேல் பூசினாற்போல இருக்கும், மலத்தோடு குழைந்திருக்காது. இந்தியன் டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றும் முன் ஒரு தடவை குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஒரு ஸ்பூன் ரத்தம் தண்ணீரில் கலந்தால் பீங்கான் முழுக்கச் சிவப்பாகிவிடும், பார்ப்பவருக்கு அரை லிட்டர் போனது போலத் தோன்றும். அதனால் கண்ணளவை நம்பிப் பயப்பட வேண்டாம். அதேசமயம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் போகும் ரத்தம் ஆளைச் சத்தமில்லாமல் வெளுக்கவைத்துவிடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று இதய டாக்டரிடம் போய், அங்கே ஹீமோகுளோபின் பார்த்த பிறகு மூலத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை.

அடுத்தது சதை. சரிவு எந்த அளவு என்பதை வைத்து நாலு டிகிரியாகப் பிரிப்பார்கள். முதல் டிகிரியில் எதுவும் வெளியே வராது, ரத்தம் மட்டும். இரண்டாவதில் முக்கும்போது ஈரமான, மெத்தென்ற சதை, திராட்சைப் பழம் போல வெளியே வந்து, எழுந்ததும் தானாக உள்ளே போய்விடும். மூன்றாவதில் தானாகப் போகாது. கழுவும்போது விரலால் தள்ளிவிட வேண்டும். பலர் இதை வருடக்கணக்கில் பழக்கமாக்கிக்கொண்டு யாரிடமும் சொல்வதில்லை. நாலாவதில் தள்ளினாலும் உள்ளே நிற்காது. டிகிரிக்கும் ரத்தத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் டிகிரி மூலம் வாளி சிவக்கக் கொட்டலாம், நாலாவது டிகிரி ஒரு சொட்டும் சிந்தாமல் தொங்கலாம்.

சதை வெளியே வந்துபோகும் இடத்தில் சளி போன்ற வழவழப்பான நீர் கசியும். உள்ளாடை ஈரமாகும், தோல் ஊறி அரிக்கும். அரிப்பு தாங்காமல் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள், ஹெல்த் பாசெட்டை முழு வேகத்தில் திறந்து பீய்ச்சுவார்கள். தோல் இன்னும் வறண்டு, உரிந்து, அரிப்பு இரட்டிப்பாகும். வெறும் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

வெளிமூலமும் ரத்தக்கட்டியும்

வெளிமூலம் சும்மா இருந்தால் பெரிய தொந்தரவு தராது. சிக்கல், அதற்குள் ரத்தம் உறையும்போதுதான். நேற்றுவரை ஒன்றும் இல்லை. வெகுநேரம் முக்கியதாலோ, கனமான ஒன்றைத் தூக்கியதாலோ, வெளிப்படையான காரணமே இல்லாமலோ, இன்று விளிம்பில் நீலம் பாய்ந்த, நாவல்பழத் தோல் போல விறைத்த ஒரு கட்டி. தொட்டால் உயிர் போகும். முதல் 2, 3 நாள் வலி உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கத் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். வலி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு அந்தக் கட்டியை வெட்டி எடுத்துவிடலாம், உடனே நிம்மதி கிடைக்கும். அதைத் தாண்டி வந்தால் உடம்பே கரைக்கத் தொடங்கியிருக்கும். வெட்டுவதால் வரும் புண் இருக்கிற வலியைவிட மோசம். ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவது இங்கே கொஞ்சம் நஷ்டம்தான்.

கட்டி வற்றிய பிறகு தொங்கும் சின்னத் தோல்மடிப்பைப் பார்த்து மூலம் இன்னும் போகவில்லை என்று கவலைப்படுவார்கள். அது காற்றுப் போன பலூன், வெறும் தோல்.

மூலம் என்ற பெயரில் வரும் மற்றவை

முதலிடம் வெடிப்புக்கு, அதாவது பிஷருக்கு. கெட்டி மலம் போகும்போது கோட்டுக்குக் கீழே உள்ள தோல் கிழிவது. பெரும்பாலும் பின்பக்க நடுக்கோட்டில், அதாவது 6 மணியில் இருக்கும். மலம் போகும்போது பிளேடால் கீறினாற்போல ஒரு வலி, பிறகு அரைமணியிலிருந்து சில மணி நேரம் வரை எரிந்து கடுக்கும். ரத்தம் கோடு போல, கொஞ்சமாகத்தான் இருக்கும். வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவார்கள், அடக்கியது இன்னும் கெட்டியாகும், மறுநாள் அதே இடத்தில் இன்னொரு கிழிசல். மூலமும் வெடிப்பும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவதும் சகஜம். அப்படி வந்தால் வலி வெடிப்பினுடையது, சதை மூலத்தினுடையது.

பௌத்திரம் வேறு ரகம். உள்ளே இருக்கும் சுரப்பியில் சீழ் பிடித்து, தோலுக்குச் சுரங்கம் போட்டுக்கொண்டு வெளியே வருவது. ஆசனவாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு பரு, அது உடைந்து சீழ், ஆறும், மறுபடி உடையும். ஜுரமும் விண்விண்ணென்ற வலியும் வீக்கமும் சேர்ந்து வந்தால் உள்ளே சீழ்க்கட்டி இருக்கிறது. அதைக் களிம்பு தடவிக் காத்திருக்கக் கூடாது, கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

வயதானவர்களுக்கும், பல பிரசவம் கண்ட பெண்களுக்கும் மலக்குடலே வெளியே இறங்குவது உண்டு. மூலத்தில் சதை தனித்தனிக் கதுப்பாக, இடையே பள்ளத்தோடு தெரியும். குடல் இறங்கினால் வட்ட வட்டமாக மடிப்பு விழுந்த ஒரே குழாயாகத் தெரியும். சின்னக் குழந்தைக்கு வலியில்லாமல் ரத்தம் போனால் மூலமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பாலிப் என்னும் சதை வளர்ச்சி அல்லது வெடிப்பு. குழந்தைகள் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எல்லோரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்விக்கு வருவோம். மூலம் கேன்சராக மாறாது. ஆனால் மூலம் இருப்பவருக்கே குடலில் கேன்சரும் வரலாம். அப்போது வரும் ரத்தத்தையும் மூலத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவதுதான் ஆபத்து. ரத்தம் மலத்தோடு கலந்து அடர்நிறமாக வருவது, வழக்கமாகப் போகும் முறை மாறி வாரக்கணக்கில் அப்படியே நிற்பது, போய் வந்தும் இன்னும் உள்ளே இருப்பது போல மறுபடி மறுபடி உந்துவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் கேன்சர் இருந்தது. இதில் ஒன்று இருந்தாலும், அல்லது 45 வயதுக்கு மேல் முதன்முறையாக ரத்தம் கண்டாலும், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி வேண்டுமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். இளவயது என்பதால் மட்டும் இந்தப் பட்டியல் தள்ளுபடி ஆகாது.

நிறத்தில் இன்னொரு குறிப்பு. தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, துர்நாற்றத்தோடு மலம் போனால் ரத்தம் கசிவது பெரும்பாலும் மேலே, இரைப்பை அல்லது முன்சிறுகுடல் பக்கம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் தார் போல ஒட்டாது. முதல் நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டிருந்தால் சிவப்புக்கு அதுவும் காரணமாகலாம். இந்தக் காரணத்துக்காக ராத்திரி பதற்றமாகப் போன் செய்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

சூடு, காரம், கோழிக்கறி

‘மூலச்சூடு’ என்ற சொல் ரொம்பப் பழையது. அதன் அடியில் ஒரு சரியான கவனிப்பு இருக்கிறது: வெயில் காலத்தில் உடம்பில் நீர் வற்றும், மலம் கெட்டியாகும், தொந்தரவு கூடும். தண்ணீர் குடிப்பது உதவுவதும் அதனால்தான். மிளகாயின் காரம் மூலத்தை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதன் எரிவுப்பொருள் முழுக்கச் செரிக்காமல் கீழே வருவதால், வெடிப்பு உள்ளவருக்கு மறுநாள் காலை அது நன்றாகவே தெரியும். கோழிக்கறி மேல் உள்ள பழியும் இடம் மாறிய பழி. ஒரு தட்டுச் சிக்கன் பிரியாணியில் காய் கிடையாது, கீரை கிடையாது. நார்ச்சத்து கிட்டத்தட்ட சைபர். குற்றவாளி தட்டில் இருந்த கோழியைவிட, தட்டில் இல்லாத காய்தான்.

முக்கியக் காரணங்கள் இரண்டு: முக்குவது, டாய்லெட்டில் வெகுநேரம் உட்காருவது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரும்போது இடுப்புக்குக் கீழே தாங்கல் இல்லாமல் மெத்தைகள் தொங்கும், ரத்தம் தேங்கும். கையில் போன் இருந்தால் இரண்டு நிமிட வேலை இருபது நிமிடம் ஆகும். 2025-ல் பாஸ்டனில் கொலோனோஸ்கோபிக்கு வந்த 125 பேரை வைத்து நடந்த ஆய்வில், டாய்லெட்டில் போன் பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. போன்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெளியே வைத்துவிட்டுப் போவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்திலும் பிரசவத்தை ஒட்டியும் மூலம் தலைகாட்டுவது மிகச் சகஜம். வயிற்றின் கனம், ஹார்மோன், இரும்பு மாத்திரையால் வரும் மலச்சிக்கல் மூன்றும் சேர்கின்றன. குழந்தை பிறந்த பிறகு சில வாரங்களில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். தீராத இருமலும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும்கூட இதைக் கிளப்பும்.

வீட்டில் செய்வது, அதில் சறுக்கும் இடங்கள்

முதல் இரண்டு டிகிரிக்குச் சாப்பாட்டை மாற்றுவதே முதல் மருந்து. நார்ச்சத்து ஒழுங்காகச் சேர்த்தால் ரத்தம் வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் தேவை. 200 கிராம் வெள்ளைச் சோற்றில் கிடைப்பது 1 கிராம் அளவுதான். அதே நேரம் 100 கிராம் கொய்யாவில் 5 கிராம், வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையில் 7 கிராம், 100 கிராம் கேழ்வரகு மாவில் 11 கிராம். ஒரு நேரம் கேழ்வரகு அடை அல்லது களி, சாயங்காலம் சுண்டல், ஒரு கொய்யா, மதியம் சோற்றுக்குச் சமமாகப் பொரியலும் கீரையும் என்று வைத்தால் கணக்கு நிரம்பிவிடும். கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் காலங்காலமாக இதற்குச் சொல்லப்படுபவை. சமையலில் தாராளமாகச் சேர்க்கலாம்.

சாப்பாட்டில் முடியாதவர்களுக்கு இசப்கோல். முதல் வாரம் ராத்திரி 1 டீஸ்பூன், பிறகு 2 அல்லது 3. ஒரு பெரிய டம்ளர், அதாவது 250 மில்லி தண்ணீரில் கலக்கி, கொழகொழப்பாகும் முன் குடித்துவிட வேண்டும். பின்னாலேயே இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அரை டம்ளரில் கரைத்துக் கூழாக்கி விழுங்கினால் அது குடலில் தண்ணீர் இல்லாமல் கெட்டித்து, மலச்சிக்கலை அதிகமாக்கும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளலாம், அவர்கள் தொடக் கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். முதல் நாளே அளவை ஏற்றினால் வயிறு உப்பும், ‘ஒத்துக்கவில்லை’ என்று மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள். மெதுவாக ஏற்றி 4 முதல் 6 வாரம் விடாமல் எடுத்தால்தான் பலன் தெரியும். தண்ணீர் நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையக் கூடாது. சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

டாய்லெட்டில் ஐந்து நிமிடம் போதும். வரவில்லையா, எழுந்துவிடுங்கள், உந்துதல் வரும்போது திரும்பப் போகலாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர முக்காலியில் காலை வைத்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால், மலக்குடலை முன்னுக்கு இழுத்து மடக்கி வைத்திருக்கும் தசை தளரும், பாதை நேராகும், முக்க வேண்டியிராது. இந்தியன் டாய்லெட்டில் இது இயல்பாகவே கிடைக்கிறது. அதற்காக மூட்டுவலிக்காரர்கள் மறுபடி குந்தி உட்கார வேண்டாம்.

வலிக்கும் எரிச்சலுக்கும் இடுப்புக்குளியல். அகலமான பிளாஸ்டிக் டப்பில் முன்கைக்கு இதமாக இருக்கும் வெந்நீர், ஆசனவாய் மூழ்கும்படி 10 முதல் 15 நிமிடம், மலம் போன பிறகு ஒரு தடவையும் படுக்கும் முன் ஒரு தடவையும். இறுகிய தசையை இது தளர்த்தும்; மூலத்தைச் சுருக்காது. கிருமிநாசினி ஊற்றினால் சீக்கிரம் ஆறும் என்று நினைப்பது தவறு, தோல்தான் வெந்துபோகும். மருந்துக்கடைக் களிம்புகளில் மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். அப்படிப்பட்டதை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் தோல் மெலிந்துவிடும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இதற்கு மேல் தேவைப்பட்டால்

உள்மூலத்துக்கு ரப்பர் பேண்ட் போடுவது பழகிய, நல்ல முறை. 1963-ல் ஜேம்ஸ் பாரன் அதை ஓபியிலேயே செய்யும்படி எளிமையாக்கினார். நெளிகோட்டுக்கு மேலே மெத்தையின் அடியில் சின்ன வளையத்தை மாட்டிவிடுவார்கள்; ரத்த ஓட்டம் நின்று சதை 5 முதல் 10 நாளில் தானே உதிரும். மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை, ஏனென்று இப்போது உங்களுக்கே தெரியும். போட்ட உடனே தாங்க முடியாத வலி என்றால் வளையம் கோட்டுக்குக் கிட்டே இறங்கிவிட்டது, எழுந்து போகாமல் அங்கேயே சொல்ல வேண்டும். சதை உதிரும் நாட்களில் கொஞ்சம் ரத்தம் வரும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பேண்ட் போட்ட பிறகு ஜுரம், ஏறிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் பிரியாமை மூன்றும் தொற்றின் அறிகுறி. அபூர்வம், ஆனால் நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டிய விஷயம்.

மூன்றாவது, நாலாவது டிகிரிக்கு அறுவைசிகிச்சை. லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் மில்லிகனும் மார்கனும் 1937-ல் விவரித்த முறையே இன்றும் அடிப்படை. முதல் இரண்டு வாரம் வலி உண்டு, திரும்ப வருவது குறைவு. ஸ்டேப்லர், லேசர் முறைகளில் வலி குறைவு, மறுபடி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எதைச் செய்தாலும் முக்கும் பழக்கம் போகாவிட்டால் பணம்தான் போகும்.

பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பட்டமில்லாதவர்கள் அரிக்கும் மருந்தைத் தடவியோ ஊசியாகப் போட்டோ சதையைப் பொசுக்குவார்கள். மூலம் போய்விடும், ஆனால் தழும்பால் வழி பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடலாம், அல்லது பிடிப்புத் தசை வெந்து மலத்தை அடக்க முடியாமல் போகலாம். படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவர்களை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. பௌத்திரத்துக்கு அவர்கள் கட்டும் க்ஷாரசூத்திரம் என்னும் மருந்து நூல் முறைப்படி ஆராயப்பட்ட ஒன்று.

டாக்டரிடம் போகும் நாள்

நிற்காமல் ரத்தம் போனாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, வெளியே வந்த சதை உள்ளே போகாமல் கறுத்து வலித்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். மற்றபடி ஒரு வாரம் சாப்பாட்டை மாற்றியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் ஜெனரல் சர்ஜரி ஓபி.

போகும் முன் போனில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். “பதினைந்து நாளாக, மலம் போய் முடியும்போது சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம், வலி இல்லை, சதை வெளியே வந்து தானே உள்ளே போகிறது” என்றால் இரண்டாம் டிகிரி உள்மூலம் என்று டாக்டர் மனதில் பாதி எழுதிவிடுவார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். முதலில் வெளியே பார்ப்பார்கள், பிறகு கையுறையில் ஜெல் தடவி விரலால் பரிசோதனை, பிறகு பிராக்டோஸ்கோப் என்னும் சின்னக் குழாய். மெத்தென்ற உள்மூலம் விரலுக்குத் தட்டுப்படாது, வயிற்று ஸ்கேனிலும் தெரியாது, அதனால்தான் குழாய். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடியும், வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் தசை இறுகாது. பெண்கள் தங்களோடு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். வெடிப்பு இருந்து வலி கடுமையாக இருந்தால் அன்றைக்கு விரலும் குழாயும் வேண்டாம் என்று டாக்டரே தள்ளிவைப்பார்.

முடிந்ததும் கைக்கு வரும் சீட்டில் ‘உள்மூலம், இரண்டாம் டிகிரி, 3, 7, 11’ என்று எழுதியிருந்தால், அந்த எண்கள் மாத்திரை சாப்பிடும் நேரம் இல்லை. வீங்கியிருக்கும் மெத்தைகள் இருக்கும் இடம்.